போலிக் கஷாயம்

ஊரில் மருந்து செய்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மருந்தே இல்லாத ஒன்றை, அதுவும் மருந்து மாதிரியே கசக்கும்படி செய்யச் சொல்லி வேலைக்கு வைக்கப்பட்டவள் திருவனந்தபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "என்ன வேலை பார்க்கிய?" என்று சாலை என்று பேர் கொண்ட எங்கள் கடைத்தெருவில் யாராவது கேட்டால், "கஷாயம் மாதிரி ஒண்ணு செய்யுதேன், ஆனா கஷாயம் இல்ல" என்பேன். மிளகில் பப்பாளி விதை கலக்கிறவனைப் பார்க்கிற பார்வை பார்ப்பார்கள். விளக்கிச் சொல்ல வாயெடுத்தால் அவர்களுக்கு பஸ் வந்துவிடும். இங்கே பஸ் இல்லை. அதனால் சொல்கிறேன்.

கொரோனா வந்த வருஷம் எங்கள் தெருவில் அடுப்பு அணையவே இல்லை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். பிழைக்க வந்து சாலையை ஒட்டியே குடியிருப்பவர்கள். எங்களில் பாதிப் பேர் மொத்த வியாபாரக் கடைகளில் வேலை பார்ப்போம், மீதிப் பேர் அந்தக் கடைகளை வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு. அவருக்குக் காய்ச்சல் கண்டது. நான் நிலவேம்பைப் போட்டுக் கொதிக்க வைத்து, சுண்ட வைத்து, காலையும் மாலையும் ஊற்றினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். கஷாயம்தான் காப்பாற்றியது என்று தெரு முழுக்கச் சொன்னேன். எதிர்த்துப் பேசியவர்களோடு சண்டைக்கே போனேன்.

அதே சமயம் எங்கள் மாடி வீட்டு மைனி, எனக்கு அண்ணி முறை, போனில் வந்த எல்லாக் கஷாயத்தையும் ஒரே சட்டியில் போட்டு, தண்ணீருக்குப் பதில் அதையே குடித்தாள். காய்ச்சல் வரவில்லை. கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் படுத்தாள். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டாள், இன்றைக்கும் என்னோடு சரிக்குச் சரி வாயாடுகிறாள். ஆனால் அன்றையிலிருந்து எனக்கு ஒரு குடைச்சல். ஒரே தெரு, ஒரே மாதிரி சட்டி. என் வீட்டில் அது காப்பாற்றியதா? அவள் வீட்டில் அது கெடுத்ததா? இல்லை, இவர் தானாகவே எழுந்திருப்பாரா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். தூக்கத்தில்கூட அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

கல்யாணத்துக்கு முன்னால் வேதியியல் படித்தவள் நான். படித்ததை வைத்து வெகுகாலம் குக்கர் விசில்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூலிகை மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள், தமிழும் தெரிய வேண்டும், கஷாயமும் வைக்கத் தெரிய வேண்டும் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன். என்னைத் தேர்வு செய்த டாக்டர் என்னைவிட வயதில் சின்னவள். மலையாளி. வாய் நிறைய "அக்கா" என்பாள். தமிழ் பேசுவாள், வாலில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"எந்தினா அக்கா இந்த வேலைக்கு வர்றீங்க?" என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரரைப் பிழைக்க வச்சது எதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் அதுதான் தெரியணும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தவள்தான், அவளோடு எத்தனை சண்டை போட்டாலும் விட்டுவிட்டு வர முடியவில்லை.

எங்கள் கூடத்தில் முதல் சோதனை, கஷாயம் ஆளைக் கெடுக்குமா என்பது. சின்னத் தட்டுகளில், ரோஸ் நிறத் தண்ணீரில் உயிரணுக்களை வளர்த்து வைத்திருப்பார்கள். அதில் கஷாயத்தைச் சொட்டுவார்கள். அணுக்கள் செத்துப் போனால் அந்த அளவு கூடாது. சாகாத அளவு எது என்று கண்டுபிடித்த பிறகுதான், அந்த அளவில் வைரஸ் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். இந்த வரிசை மாறவே கூடாது என்பாள் டாக்டர். வைரஸையும் கொன்று, அது குடியிருந்த வீட்டையும் இடித்துப் போட்டால் அதற்குப் பேர் மருந்து இல்லையாம். மாடி வீட்டு மைனிக்கு இதைச் சொன்னேன். "என் வீட்டைத்தான் இடிச்சேன்னு சொல்லுதியா?" என்று ஒரு வாரம் பேசவில்லை.

எங்கள் கஷாயம் அந்தத் தட்டில் நம்பிக்கை தருகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் தட்டு மனுஷன் இல்லை. அடுத்து மனுஷர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் என் வேலை வந்தது. காய்ச்சல் வந்த ஆட்களில் பாதிப் பேருக்கு நிஜக் கஷாயம், பாதிப் பேருக்குப் போலி. குடிக்கிறவருக்கும் தெரியக் கூடாது, கொடுக்கிறவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு வேலை செய்ய ஆரம்பித்துவிடும், உடம்பு என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும். இந்தச் சோதனைக்கு அனுமதி தர ஒரு குழு இருந்தது. குடிக்கிறவர்கள் போலியைக் கண்டுபிடிக்க முடியாது என்று நாங்கள் முதலில் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால்தான் அனுமதி என்று அந்தக் குழு கறாராகச் சொல்லிவிட்டது. ஆய்வுக்குக் கிடைத்த பணம் கோடை வரைக்கும்தான், அதற்குள் காட்ட முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். டாக்டருக்கு அவள் உழைப்பு போகும். எனக்கு என் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போகும்.

கஷாயத்தை மாத்திரைக் கூட்டில் அடைத்துக் கொடுத்தால் வேலை சுலபம் என்று டாக்டர் முதலிலேயே சொன்னாள். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சனங்கள் குடிப்பது கஷாயம். சோதிப்பதும் கஷாயமாகத்தான் இருக்க வேண்டும். வேட்டியைச் சோதிக்கப் பேண்ட்டைப் போட்டுப் பார்ப்பார்களா? "சரி அக்கா, அப்ப போலியும் நீங்கதான் செய்யணும், கேட்டோ" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கசப்பான ஒரு பொருள் வேண்டும். அது மருந்தாக இருக்கக் கூடாது. கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது! பாகற்காய் என்றேன். அது சர்க்கரைக்கு மருந்து. வெந்தயம் என்றேன். அது சூட்டுக்கு மருந்து. வேப்பம்பூ, சுண்டைக்காய் வற்றல், நார்த்தங்காய், மணத்தக்காளி, எதைச் சொன்னாலும் யாராவது ஒருத்தர் அது இன்னதுக்கு மருந்து என்று கையைத் தூக்கினார்கள். நம் சனங்கள் கசக்கிற எதையும் சும்மா விட்டு வைக்கவில்லை. எரிச்சலில், "நான் பேசுறதும் கசப்புதான், அதையும் மருந்துன்னு எழுதிக்கோங்க" என்றேன். கடைசியில் டாக்டரே வழி சொன்னாள். பிள்ளைகள் விரல் சப்பாமல் இருக்கத் தடவுவார்களே, அந்த வகை ரசாயனக் கசப்பை ஆபத்தில்லாத துளியளவு சேர்த்தோம். கருக்கிய சர்க்கரையில் நிறம் வந்தது. நான் ராப்பகலாகக் கலக்கி, நக்கி, துப்பி, மறுபடி கலக்கி, நிறத்திலும் கசப்பிலும் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டேன்.

கூடத்து ஆட்களைக் குடிக்கச் சொன்னோம். ஒருவருக்கும் தெரியவில்லை. சொன்னவர்களும் குருட்டாம்போக்கில் சொன்னார்கள். டாக்டருக்கு முகமெல்லாம் பல். "இது மதி அக்கா, போதும், குழுவுக்கு எழுதிடலாம்" என்றாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "இவங்க யாரும் கஷாயம் குடிச்சு வளர்ந்தவங்க இல்ல டாக்டர். நாம மருந்து கொடுக்கப் போறது சாலையில. எங்க ஆட்களைக் குடிக்கச் சொல்லுங்க, அப்பப் பாப்போம்."

"எழுதினா முடிஞ்சு போற காரியம் அக்கா."

"முடிஞ்சு போயிரும். ஆனா நாளைக்கு எங்க தெருவுல முதல் பாட்டிலைத் திறந்ததுமே நம்ம போலி பல்லைக் காட்டிரும். அப்புறம் வர்ற பதிலை நானே நம்ப மாட்டேன்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு, "எப்போ போகலாம்?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சியின் கடை மாடி. அண்ணாச்சி சொன்னால் தெருவே வரும், வந்தது. மைனி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். ஏற்கனவே ஈரல் கெட்டவளுக்குக் கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொன்னதும், "அப்ப நான் மேஸ்திரி" என்று எழுந்து நின்றுகொண்டாள். ஆளுக்கு ஒரு கோப்பை. நிஜமும் போலியும் கலந்து போனது, எது யாருக்கு என்று டாக்டருக்கு மட்டும் தெரியும். மெதுவாகச் சுவைத்து, வாயில் வைத்திருந்து, நிஜமா போலியா தெரியவில்லையா என்று தாளில் டிக் அடிக்க வேண்டும். டாக்டர் இதை இரண்டு மொழியிலும் அழகாக விளக்கினாள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மடக் மடக்கென்று ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு, மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்த கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டார்கள்.

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் மேலே கூரை ஓட்டைப் பார்த்தேன். நாக்கில் படாமல் குடிப்பதுதானே கஷாயம் குடிக்கிற வித்தை! பிறந்ததிலிருந்து அப்படித்தான் குடிக்கிறோம். நானும் அப்படித்தான். வாரக்கணக்கில் சுவையைச் சரிபார்த்துக் கலக்கியவளுக்கு, சுவைத்துப் பார்க்க எவனும் இல்லை என்பது உறைக்கவே இல்லை.

"சரி, சுவைதான் தெரியாதே, அப்ப எல்லாரும் தெரியலைன்னு டிக் அடிச்சிருவாங்க, அது நமக்கு நல்லதுதானே" என்று டாக்டர் என் காதில் சொன்னாள். ஆனால் பேனாவை யாரும் தொடவில்லை. சப்பணம் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"டிக் அடிக்கலையா?" என்று டாக்டர் கேட்டாள்.

அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார். "இரும்மா. ஏப்பம் வரட்டும்."

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நிலவேம்பு குடித்தவர்களுக்குத் தெரியும், குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஏப்பம் வரும். மூக்கைப் பிடித்து ஏமாற்றிய கசப்பெல்லாம் அந்த ஏப்பத்தில் திரும்பி வந்து நிற்கும். எங்கள் ஆட்கள் கஷாயத்தை எடை போடுவதே அதை வைத்துத்தான். ஏப்பம் கசந்தால் சரக்கு நல்ல சரக்கு.

முதல் ஏப்பம் பின்வரிசையிலிருந்து வந்தது. "கசக்கு" என்றான் ஒருத்தன், பேனாவை எடுத்து நிஜம் என்று அடித்தான். பிறகு வரிசையாக வந்தது. சிலர் ஏப்பத்தை மென்று பார்த்தார்கள். அண்ணாச்சி கண்ணை மூடி, நீளமாக ஒன்று விட்டு, உதட்டைச் சுழித்தார். "இது வெறும் தண்ணி" என்றார். மைனி கோப்பைகளுக்கு நடுவில் நடந்துகொண்டு, "உனக்கு வந்தாச்சா? உனக்கு?" என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தாள்களை வாங்கித் தன்னிடமிருந்த குறிப்போடு வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய எல்லாரும் சரியாகச் சொல்லியிருந்தார்கள். கதை கந்தலாயிற்று. திரும்பும்போது ஆட்டோவில் அவள் தாள்களை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்ததா, தூசியா தெரியாது. நான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். என் பிடிவாதத்தால்தான் இந்தக் கூத்து. ஆனாலும் கூட்டிப் போனது தப்பு என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தது என் கஷாயத்தின் மேல்தான்.

அதற்கப்புறம் நான் செய்யாத கூத்தில்லை. கசப்பைக் கூட்டினேன், ஏப்பம் வந்தால் இனித்தது. கெட்டியாக்கினேன், ஏப்பமே வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவார், ஏப்பம் விடச் சொல்லிவிடுவேன் என்ற பயம். கோடை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் மாத்திரைக் கூட்டுக்கே போய்விடலாமா என்று டாக்டர் இழுத்தாள். அதற்குத் திட்டத்தையே முதலிலிருந்து எழுத வேண்டும், அதற்கு நேரமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தச் சமயம், கஷாயத்துக்கு இலை தருகிறவர்களைப் பார்க்க நாங்கள் பொன்முடி அடிவாரத்துக்குப் போனோம். திரும்பும்போது கல்லாற்றில் மழை பிடித்துக்கொண்டது. பாலத்துப் பக்கம் ஒரு சாயாக்கடை, கடை எடுத்து வைக்கிற நேரம். சாயா கேட்டோம். வந்தது. நிறம் நன்றாக இருந்தது, மணம் கூட இருந்தது. ஒரு வாய் குடித்தேன். உயிரே இல்லை.

ஏற்கனவே எனக்கு உலகத்தின் மேலேயே கோபம். கிளாசைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரர் முன்னால் வைத்தேன். "சேட்டா, இது என்ன சாயா? குடிச்சா ஒண்ணுமே இல்லையே!"

அவர் துணி வடிகட்டியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கறுப்பாகச் சக்கை. "காலையில போட்ட தூள் சேச்சி. அதிலேயேதான் ஊத்தி ஊத்தி எடுக்கிறேன். கடை பூட்டுற நேரத்துல புதுத்தூள் போட முடியுமா? நிறம் உண்டு, மணம் உண்டு. பின்ன என்னவா வேணும்?"

"என்னவா வேணுமா? தேயிலையோட சத்து எங்க..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கையை இடுப்பில் வைத்தபடி நிற்கிறேன், வாய் திறந்திருக்கிறது, பேச்சு வரவில்லை. நான் பாதிச் சண்டையில் நிறுத்தியதை டாக்டர் அதுவரை பார்த்ததில்லை. பயந்துபோய் எழுந்து வந்தாள்.

"டாக்டர், நாம சக்கையை என்ன பண்ணுதோம்?"

"எந்தச் சக்கை?"

"கஷாயம் கொதிக்க வச்ச இலைச் சக்கை."

"வாழைக்கு உரமா போடுறாங்க. ஏன்?"

அவள் கேட்டு முடிக்கும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது. அந்த மனுஷனிடம் இன்னொரு கிளாஸ் அதே சாயாவை வாங்கிக் குடித்தேன். அவருக்கு நான் பைத்தியமா என்று சந்தேகம் வந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அந்தச் சக்கையை உரத்துக்கு விடவில்லை. கஷாயம் இறக்கிய இலையை மறுபடி கொதிக்க வைத்தோம், தண்ணீரைக் கொட்டினோம். மறுபடி, மறுபடி. அதன் சாரமெல்லாம் இறங்கி, வெறும் நார் மாதிரி ஆகும்வரை விடவில்லை. பிறகு உலர்த்தி, பொடித்து, என் போலித் தண்ணீரில் கலக்கினோம். முன்னால் வடிகட்டி வடிகட்டிக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தேனே, அதுதான் பிசகு. நிஜக் கஷாயத்தில் அடியில் ஒரு மண்டி தங்கும், அது வயிற்றிலும் தங்கி மெதுவாகக் கசப்பை மேலே அனுப்பும். இப்போது போலிக்கும் மண்டி இருந்தது, அது போலிக் கசப்பை உறிஞ்சி வைத்துக்கொண்டது.

ஆனால் சக்கையில் கொஞ்சமாவது மருந்து மிச்சமிருந்தால் அது போலி ஆகாது. அதனால் அதையும் தட்டில் போட்டுச் சோதித்தார்கள். அணுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைரஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஜோராக வளர்ந்தது. எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று நிரூபணமான ஒரு பொருளைச் சுற்றி நின்று இத்தனை பேர் கைதட்டி நான் பார்த்ததில்லை. டாக்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

இந்தத் தடவை அண்ணாச்சி கடை மாடிக்குக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்கத் தெரியாத மனுஷன். எது யாருக்கு என்ற குறிப்பை அவரே வைத்துக்கொண்டார். டாக்டரையும் என்னையும் தூரத்தில் உட்கார வைத்துவிட்டார். மூக்குகள் பிடிக்கப்பட்டன, கோப்பைகள் கவிழ்ந்தன, கருப்பட்டி வாய்க்குள் போனது. பிறகு காத்திருப்பு. அவருக்கு முன்னமே சொல்லி வைத்திருந்தோம். ஆனாலும் முதல் ஏப்பம் கேட்டதும் மனுஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கசக்கு."

"கசக்கு."

அண்ணாச்சி கண்ணை மூடி நீளமாக விட்டார். "கசக்கு. ஆனா..." என்றார். "ஆனா என்ன அண்ணாச்சி?" என்று மைனி கேட்டாள். "ஆனா இவனுக்கும் கசக்குன்னா எனக்குக் கொடுத்தது எது?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. உன்னுது போலி, என்னுது நிஜம் என்று ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்றார்கள். ஒருத்தர் ஏப்பத்தை இன்னொருத்தர் நம்பவில்லை. குழுக்காரர் தாள்களை வாங்கிச் சரிபார்த்தார். சரியும் தவறுமாகக் குழம்பிக் கிடந்தது.

நான் எழுந்து ஆடாத குறை. அவர் என் பக்கம் திரும்பினார். "பாட்டில்களை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுக்கப் போவது யார்?"

"நான்தான்" என்றேன்.

"செய்ததும் நீங்கள்தானே? உங்களுக்கு வித்தியாசம் தெரிந்தால் உங்கள் முகமே காட்டிக் கொடுத்துவிடும். உங்களையும் சோதிக்க வேண்டும்."

சப்பென்று ஆகிவிட்டது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் முகம் எதையும் மறைக்காது, தெருவுக்கே தெரியும். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாமே என்று டாக்டர் கேட்டாள். எங்கள் ஆட்கள் என்னைத் தவிர வேறு யாருக்கும் கதவு திறந்து காய்ச்சல் கணக்குச் சொல்ல மாட்டார்கள் என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். அப்படி என் தலையில் வந்து விழுந்தது. எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் சோதனை இல்லை. நானோ அதைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கியவள். பெற்ற பிள்ளையைத் தாய்க்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"வேணும்னே தப்பா சொல்லிடாதீங்க அக்கா" என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"என்ன பேச்சு இது? அப்படிச் சொல்லி வர்ற பதில் எனக்கெதுக்கு?" என்று அவள் மேல் பாய்ந்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

பிறகு கொஞ்ச நாள், காலையில் கூடத்துக்குப் போனதும் மேசையில் ஒரு கோப்பை இருக்கும். குழுக்காரர் அனுப்பி வைத்தது, எது என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் மூக்கைப் பிடிக்கவில்லை. முகர்ந்தேன், நாக்கில் உருட்டினேன், மண்டியை விரலில் தேய்த்துப் பார்த்தேன், ஏப்பத்துக்குக் காத்திருந்தேன். என் ஏப்பத்துக்காகக் கூடமே வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நாளும் பதில் சொன்னேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன். "இது நான் செஞ்சது, இந்த மண்டியோட நயம் எனக்குத் தெரியும்" என்பேன். மறுநாள், "இது நிஜம், தொண்டையில இறங்கும்போதே தெரிஞ்சு போச்சு" என்பேன். நான் சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் வாடிக்கொண்டே போனது. எனக்குப் பொய் சொல்லவும் வராது. தெரிகிறதே, என்ன செய்ய?

கடைசி நாள் குழுக்காரரே வந்தார். நான் சொன்னதையும் அவர் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். முதல் நாள் தவறு. அடுத்த நாள் சரி. அப்புறம் தவறு, மறுபடி தவறு, பிறகு சரி. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் சரியாக வந்திருக்கும். "அனுமதி கொடுக்கலாம்" என்றார். அந்த மனுஷன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டர் துள்ளினாள். கூடமே கைதட்டியது. நானும் சிரித்தேன், மூக்குடைபட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று சுரீரென்று உறைத்தது. தவறாகச் சொன்ன நாட்களிலும் நான் உறுதியாகத்தான் சொன்னேன். தொண்டையில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் காய்ச்சலிலிருந்து எழுந்தபோதும் இதே தொண்டையால், இதே உறுதியோடுதான் தெரு முழுக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அப்ப அன்னைக்கு என்னைப் பிழைக்க வச்சது உன் கஷாயம் இல்லையா?"

"தெரியல" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. நெற்றியில் கை வைத்து எனக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தார்.

"திங்கட்கிழமை முதல் பாட்டில் போகுது" என்றேன். "சீக்கிரம் படுங்க, காலையில எனக்கு நிறைய வேலை இருக்கு."